கடலடிக் கம்பியும் அலுவலக வாயிலும்

அந்தமான் நிக்கோபாரில் ஓர் அலுவலகத்துக்கும் அதன் கிளைக்கும் இடையே கிடப்பது பெரும்பாலும் கடலே. தலைநகரிலுள்ள ஒரு கோப்பைப் பார்ப்பதற்காகத் தென்கோடித் தீவின் ஊழியர் கப்பலேற வேண்டுமா என்பதே இங்கு எழும் வினா.

இதற்கான பாதை 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பெற்றது. சென்னையிலிருந்து, அன்று போர்ட் பிளேர் எனவும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் வழங்கும் தலைநகருக்கும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைக் கம்பி கடலடியில் இடப்பட்டுள்ளது. அதற்கு முன்னர்ச் செயற்கைக் கோளே பெருந்துணை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறியிறங்கி வினாவும் விடையும் வந்து சேர அரை வினாடி கழியும். கம்பியிலோ, அதன் முழு நீளத்தையும் ஒளி சென்று மீள நாற்பதில் ஒரு பங்கு வினாடியே போதும்.

எனினும், பாதை அமைந்தமையால் வாயில் திறந்துவிடாது. அவ்வாயிலே ரூட்டர் என்னும் கருவி. முன்னாளில் வீட்டிலிருப்பவர் மோடம் வழியே தொலைபேசியில் அழைப்பார். ரூட்டர் பெயரையும் கடவுச்சொல்லையும் சோதித்து உள்ளே விடும். எச்சரிக்கை மிக்க அலுவலகங்களில் அது இணைப்பைத் துண்டித்து, பதிவான எண்ணைத் தானே திரும்ப அழைக்கும். இன்று தொலைபேசி அழைப்பின் இடத்தை இணையத்தினூடே செல்லும் மறையாக்கப் பாதை பெற்றுள்ளது. ஆயினும் வருபவர் யார், எதுவரை செல்லலாம், எவ்வழியே செல்லலாம் என்று ஆராயும் கடமை மாறவில்லை.

வாயிலைத் திறப்பதே ஆபத்து என்பர் சிலர். ஆபத்து வாயிலில் இல்லை, பூட்டில்லாமையிலேயே உள்ளது. பலர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்தல் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சான்றும் வேண்டும். தம் பணிக்குரிய கோப்புகளை மட்டுமே அவர் காணுமாறு வரம்பிடல் வேண்டும்.

இரண்டாவது பாதையும் இன்றியமையாதது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் அல்லலுற்ற தீவுகள் இவை. கம்பி அறுபடின் ரூட்டர் தானாகவே செயற்கைக் கோளுக்கு மாறவும், அக்குறுகிய பாதையில் மருத்துவமனைச் செய்திக்கும் புயலெச்சரிக்கைக்கும் முதலிடம் தரவும் முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். இதைப் பேணத் தெரிந்த ஒருவரேனும் ஒவ்வொரு தீவிலும் இருத்தல் நன்று. கப்பற் பயணத்தைத் தவிர்க்க அமைத்த கருவியைச் செப்பனிடவே ஒருவர் கப்பலேறி வர வேண்டியிருப்பின், அதனாற் பெற்ற பயன்தான் யாது?