பழைய ஊர்திகளைப் பேணுதல்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மக்கள் வரலாற்றைக் கூறுவது போலவே, அம்மக்கள் கையாண்ட கருவிகளும் அதனைக் கூறும். ஏரும் ஏற்றமும் உழவரின் அறிவைக் காட்டும். தறியும் நாடாவும் நெசவாளரின் திறத்தைக் காட்டும். மோட்டார் வண்டியும் அத்தகைய கருவியே. ஆயினும், கோயிற் சிற்பங்களைப் பேண வேண்டும் என்றால் உடன்படுவோர், பழைய மோட்டார் வண்டிகளைப் பேண வேண்டும் என்றால் நகைக்கின்றனர். அந்நகைப்புப் பொருந்துமா என ஆராய்வோம்.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில், ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் 2015-ஆம் ஆண்டில் கார் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினர். கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியைப் போலவே செய்த வண்டியொன்று அங்கு உள்ளது. அதனையும் பிற்கால வண்டிகளையும் ஒப்பிட்டுக் காண்பவர், எஞ்சினும் சக்கரமும் வண்டியின் வடிவமும் படிப்படியாக மாறி வந்த முறையைக் கண்ணாலேயே கற்றுக்கொள்வர். பல பக்கங்களைப் படித்தும் விளங்காத செய்தி, பொருளை நேரிற் கண்ட அளவில் விளங்கிவிடும்.

ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கையே இதற்குச் சான்று. கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பில் மனம் பற்றவில்லை. இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவ்வாறு பெற்ற அறிவே, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவருக்கு முதலாக அமைந்தது. பழைய வண்டியொன்று ஆசிரியராக இருந்து ஒரு தொழில் மேதையை உருவாக்கியது.

“செல்வர்கள் ஏறித் திரிந்த வண்டிகளைக் காப்பதால் ஏழைகளுக்கு என்ன பயன்? அப்பொருளைக் கொண்டு மருத்துவமனை கட்டலாகாதோ?” எனச் சிலர் வினவுவர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. பூட்டிய கொட்டகைக்குள் வண்டிகளை நிறுத்தி, உரிமையாளர் மட்டும் கண்டு மகிழ்வாராயின், அது வெறும் ஆடம்பரமே. அதே வண்டிகளைப் பொதுமக்கள் காணத் திறந்து வைத்து, அவற்றின் இயக்கத்தையும் விளக்குவாராயின், அச்செல்வம் கல்விக் கொடையாகிவிடும். நூல்நிலையம் அமைப்பதை நாம் வீண் செலவு என்பதில்லை. இதுவும் ஒருவகை நூல்நிலையமே.

தமிழர் இவ்வகையில் ஒரு முறை பேரிழப்பை அடைந்தனர். பழையன என்று கருதப்பட்ட ஓலைச்சுவடிகள் பல, செல்லுக்கும் நெருப்புக்கும் ஆற்றுநீருக்கும் இரையாயின. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று தேடியிராவிடில், எஞ்சியவற்றிலும் பல அழிந்திருக்கும். சுவடி அழிந்தால் நூல் அழியும். பொறி அழிந்தால் அதனைச் செய்தவர் கைத்திறனும் மறக்கப்படும்.

வெண்ணந்தூர் வாழ் மாணவர்கள் இதனைத் தம் ஊரோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். நம் பக்கத்து நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் நாடெங்கும் பெயர் பெற்றது. தச்சர், கொல்லர், வண்ணம் தீட்டுவோர் முதலிய பலரின் கைவேலை ஒரு லாரியில் ஒன்றுசேர்கிறது. அந்த லாரியோ, உழைத்து ஓய்ந்தபின் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைபோடப்படுகிறது. ஐம்பது ஆண்டு கடந்தும் தம் பழைய வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021-இல் நடுவணரசு விதி வகுத்துள்ளது. ஆனால், விதி மட்டும் ஒரு பொருளைக் காத்துவிடாது. அதன் அருமை அறிந்த மக்களே காப்பர்.

ஆதலின், செல்வரின் கார்களோடு, உழைப்பாளர் ஓட்டிய லாரியும் பேருந்தும் பேணப்பட வேண்டும். லாரித் தொழிலால் வளம் பெற்றோர் ஒன்றுகூடினால், இம்மாவட்டத்திலும் அத்தகைய காட்சியகம் ஒன்றை அமைக்க இயலும். மாணவர்களே, உங்கள் ஊர்ப் பட்டறைகளிலுள்ள முதியோரை அணுகுங்கள். அவர்கள் கட்டிய வண்டிகளைப் பற்றிக் கேட்டுக் குறித்து வையுங்கள். அக்குறிப்புகளே நாளை எழும் காட்சியகத்திற்கு அடிக்கல்லாகும்.