சாப்பிட நேரமில்லீங்களா?
குன்னத்தில் என்னிடம் வரும் கடைக்காரர்கள், "சாப்பிடவே நேரமில்லீங்க, டாக்டர்" என்கிறார்கள். பகல் சாப்பாடு நாலு மணிக்கு என்றால், எந்தச் சூரணம் வயிற்றெரிச்சலைத் தீர்க்கும்? முதலில் கடையைத்தான் சீர்செய்ய வேண்டும் என்பேன்.

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும்!

நானும் காப்பியடித்தேன். ஆள் வந்தபிறகு திரிகடுகு சூரணத்தை நிறுத்துக்கொண்டிருந்தவன், இப்போது முதல் நாளே பொட்டலம் கட்டிவிடுகிறேன். (யோசனை வீட்டம்மாவுடையது!) நீங்களும் அதிகம் விற்கும் பருப்பு, சர்க்கரையைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி, கையெட்டும் தூரத்தில் வையுங்கள். கடன் நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள்.

மிச்சமாகும் அரைமணியில் இன்னொரு வியாபாரம் பார்த்துவிடாதீர்கள். ஒரு மணிக்கு இலை போட்டு உட்காருங்கள்.