ஹெட்போனின் ஒலியில் கை வைப்பது குற்றமா?

விலை உயர்ந்த பொருளில் குறை இருக்க முடியாது என்றொரு நம்பிக்கை நம்மவர்களிடையே வேரூன்றியிருக்கின்றது. குறை தென்பட்டாலும் அதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள். வாங்கியவரின் புத்திசாலித்தனம் அல்லவா கேள்விக்குள்ளாகிவிடும்! உயர்தர ஹெட்போன்கள் விடயத்தில் இந்த வெட்கம் ஒரு கொள்கையாகவே வளர்ந்துவிட்டது. “இத்தனை பணம் கொடுத்து வாங்கிய கருவியின் ஒலியை இக்குவலைசரால் மாற்றுவதா? அது இசைக்குச் செய்யும் துரோகம்” என்கிறார்கள். இந்தக் கொள்கை தவறானது மட்டுமல்ல, நமது சட்டைப் பைக்கும் காதுக்கும் கேடானது என்பது எனது கருத்து.

முசலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் மறிச்சுக்கட்டியிலும் இருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் உழைக்கப் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது இப்போது கொண்டுவருவது டேப் ரெக்கோடர் அல்ல. கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்குகின்றது. அவர்களுள் பாட்டில் பைத்தியமான ஒருசிலர் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொட்டி உயர்ரகக் கருவிகளை வாங்குகின்றார்கள். 2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி, 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ரூபா ஓரளவு மீண்டபோதிலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நானூறு டொலர் ஹெட்போன் என்பது இங்கே ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. அதை வாங்கிவந்து, “காதில் குத்துகிறது” என்று பாதி விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த விலைப்படியில் உள்ளதைத் தேடுகின்றார்கள். அதுவும் குத்தும். அப்புறம் அதற்கடுத்த படி.

இக்குவலைசர் என்றால் என்ன? தமிழில் ஒலிச் சமப்படுத்தி எனலாம். பெயர் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. நெடுந்தூரக் கம்பியில் போகும் பேச்சில் மேல் மீடிறன்கள் (தமிழகத்தார் அதிர்வெண் என்பார்கள்) கூடுதலாக நலிந்துபோயின. நலிந்தவற்றை மீண்டும் உயர்த்தி எல்லாவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவரும் மின்சுற்றுக்கே அப்பெயர் சூட்டப்பட்டது. நமது பகுதிக்காரருக்கு இதை விளக்குவது எளிது. சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்தே முத்துக்களைத் தரம் பிரித்தார்கள். ஒலியையும் அவ்வாறே பருமனான தாழ்ந்த ஒலி, நடுத்தரம், நுண்ணிய மேல் ஒலி என்று பிரித்து, வேண்டிய தட்டில் மட்டும் கூட்டிக் குறைப்பதுதான் இக்குவலைசரின் வேலை. பழைய ரேடியோவில் இருந்த பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இரண்டே தட்டுக்கள். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எந்த இடத்தில், எத்தனை டெசிபெல், எவ்வளவு அகலத்துக்கு என்று மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம்.

சரி, இது துரோகமா? துரோகம் என்று சொல்பவர்களின் வீட்டிலேயே அது நூறு தடவை நடந்திருக்கின்றது. எல்.பி. இசைத்தட்டில் பாட்டு உள்ளபடியே வெட்டப்படுவதில்லை. தாழ்ந்த ஒலியின் அசைவு பெரிது. அப்படியே வெட்டினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். மேல் ஒலியோ தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே 1954இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் வகுத்த நியமத்தின்படி 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைத்தும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் கூட்டியும் வெட்டுகின்றார்கள். கேட்கும்போது அம்ப்ளிபயர் அதை நேர்மாறாகத் திருப்புகின்றது. அந்தத் திருப்பலுக்குப் பெயரும் இக்குவலைசேஷன்தான்! கசெட் டெக்குகளில் ‘நோர்மல்’, ‘குரோம்’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதுவும் அதே வேலையைச் செய்தது. எப்.எம். வானொலியும் மேல் ஒலியை உயர்த்தி அனுப்பி, நம் வீட்டுப் பெட்டியில் தாழ்த்தியே தருகின்றது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியியலாளர் செய்யும் மாற்றங்களுக்கோ கணக்கேயில்லை. இத்தனை கைகள் பட்டு வந்த ஒலியில் கடைசியாகக் கேட்பவன் கை மட்டும் படக்கூடாதாம்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கீச்சிடும்போது ட்ரெபிளைச் சற்றுக் குறைக்கும்படி யாராவது சொல்வார்கள். முஅத்தினின் குரலைக் கெடுத்துவிட்டாய் என்று அவரோடு எவரும் சண்டைக்குப் போனதில்லை.

விலை கூடினால் ஒலி தானாகவே சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் மீடிறன் நடத்தைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு ஏதும் காணவில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். உலகப் புகழ்பெற்ற ஒரு கருவியையே உதாரணமாகக் கொள்வோம். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 800, 2009இல் சுமார் 1,400 டொலர் விலையில் வந்தது. ஒலியின் விசாலத்தைக் காட்டுவதில் அதற்கு நிகர் அன்று குறைவு. ஆயினும் 6,000 ஹெர்ட்ஸ் அளவில் அதற்கொரு கூரிய மேடு இருந்தது. அந்த ஒத்ததிர்வை அடக்கும் ஏற்பாட்டோடு எச்.டி. 800 எஸ் என்ற அடுத்த வடிவம் சந்தைக்கு வந்தது 2016இல். இடைப்பட்ட காலத்தில் இக்குவலைசரில் அந்த ஒரேயொரு இடத்தைச் சில டெசிபெல் இறக்கியவர்கள், ஒரு சதமும் செலவில்லாமல் ஏறக்குறைய அதே பலனை அடைந்தார்கள்.

ஏன் இப்படி நேர்கிறது? ஸ்பீக்கரில் வரும் ஒலி நமது தலையிலும் காதுமடலிலும் பட்டு, காதுக்குழாயில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் இயல்பாகவே உயர்ந்து செவிப்பறையை அடைகின்றது. ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பதால் அந்த உயர்வை அதுவே உண்டாக்கிக் காட்ட வேண்டும். எவ்வளவு உயர்வு என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் நெடுங்காலம் உடன்பாடில்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ், டொட் வெல்ட்டி ஆகியோர் 2012 தொடக்கம் நடத்திய கேட்டல் சோதனைகளே இதற்கு ஓர் இலக்கு வளைகோட்டைத் தந்தன. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதைப்போன்ற ஒலியையே பெரும்பாலானோர் விரும்பினர். எனினும் எல்லாரும் அல்லர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் தாழ்ந்த ஒலி சற்றுக் குறைவாகவும் மேல் ஒலி சற்றுக் கூடுதலாகவும் இருப்பதை விரும்பினார்களாம். வயது ஏற ஏற முதலில் மங்குவது மேல் மீடிறன் கேள்விதானே. இருபத்தைந்து வயதுப் பொறியியலாளனின் காதுக்குச் சரியென்று பட்ட அளவை என் காது ஏன் ஏற்க வேண்டும்?

நமது பாட்டுக்கள் என்று வரும்போது விடயம் இன்னும் கூர்மையடைகின்றது. மேற்கத்தேய விமர்சகர்கள் ஹெட்போனைச் சோதிப்பது டிரம்ஸிலும் கிற்றாரிலும். நாம் கேட்பது குரலை. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலைவிடக் கடுமையான சோதனை ஒரு ஹெட்போனுக்கு இருக்க முடியாது என்பேன். மைக் இல்லாமலே திடலை நிறைக்கக்கூடிய குரல் அது. 3,000 ஹெர்ட்ஸ் அளவில் மிகையாக ஒலிக்கும் கருவியில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஹெட்போனைக் கழற்றி எறியத் தோன்றும். அப்பகுதி தாழ்ந்த கருவியிலோ அவர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். இரண்டும் ஹனிபா அல்ல. அவரை மேடையில் கேட்டவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அவர்களுடைய நினைவு எந்த வளைகோட்டுக்கும் குறைந்த சாட்சியல்ல. எனது ஹெட்போனில் 3,200 ஹெர்ட்ஸ் அளவில் மூன்று டெசிபெல் குறைத்ததும் அவர் மீண்டும் ஹனிபாவானார்.

பாட்டைத் தாண்டியும் எனக்கு இதில் ஒரு தேவை இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலி மக்கள் விட்டுவிட்டு வந்தவற்றுள் வீட்டுக்கு வீடு இருந்த கசெட்டுக்களும் அடங்கும். பின்னர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முகாம்களில் இருந்த பெரியவர்களைச் சிறிய ரெக்கோடர் ஒன்றில் நான் பதிவுசெய்தேன். ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளைகளின் அழுகை, ஜெனரேட்டரின் உறுமல், இவற்றுக்கிடையே ஒரு முதியவரின் தணிந்த குரல். சாதாரணமாகக் கேட்டால் பாதி விளங்காது. அண்மையில் அவற்றைக் கணினிக்கு மாற்றி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மெய்யெழுத்துக்கள் உயிர்பெறும் 2,000 முதல் 4,000 வரையான பகுதியை நான்கு டெசிபெல் உயர்த்திக் கேட்டேன். பாலைக்குழிக்கும் கரடிக்குழிக்கும் இடையிலிருந்த ஒரு சிறு குளத்தின் பெயரை அவர் சொல்வது முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்டது. இன்று அந்தப் பெயரைச் சொல்ல ஊரில் ஆளில்லை. மக்கள் 2009க்குப் பின்னர் படிப்படியாகத் திரும்பினார்கள். அவரோ அதற்கு முன்பே புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார்.

நிற்க. செய்ய விரும்புவோருக்குச் சில வார்த்தைகள்.

விண்டோஸ் கணினிக்கு இக்குவலைசர் ஏ.பி.ஓ., அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிக்கு வேவ்லெட் என்பன கிடைக்கின்றன. முன்னையது முழுவதும் இலவசம். ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கான திருத்த அளவுகளை யாக்கோ பசனென் என்பவர் ஓட்டோஇக்யூ என்ற பெயரில் தொகுத்து இலவசமாகவே வைத்திருக்கின்றார். உங்கள் கருவியின் பெயரைத் தேடி அந்த அளவுகளில் தொடங்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அளவீடுகளை அவ்வளவாக நம்ப முடியாது. செயற்கைக் காது வேறு, உங்கள் காது வேறு. ஹெட்போன் அரை அங்குலம் நகர்ந்தாலே அங்கு எல்லாம் மாறிவிடும். மூடிய வகை ஹெட்போன் என்றால் மூக்குக்கண்ணாடியின் தண்டும், தொப்பியும், முக்காடும் மெத்தைக்கு இடையில் இடைவெளி உண்டாக்கித் தாழ்ந்த ஒலியைக் கசியவிடும். அதைக் கவனியாமல் பேஸைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. கூட்டியே ஆக வேண்டுமானால், ஓரிடத்தில் ஆறு டெசிபெல் கூட்டும்போது மொத்த ஒலியையும் ஆறு டெசிபெல் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிஜிட்டல் ஒலி தன் உச்சவரம்பில் முட்டி உடைந்து கரகரக்கும். இக்குவலைசர் மோசம் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் கேட்டது இந்தக் கரகரப்பைத்தான் என்பது என் ஐயம். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடியது எதுவோ அதுவே நல்லதென்று காது தீர்ப்பளித்துவிடும்.

எல்லாம் இதனால் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவில் இல்லாததை எந்த இக்குவலைசரும் வரவழைக்காது. 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த பாட்டில் மேல் ஒலியை உயர்த்தினால் இரைச்சல்தான் உயரும். கருவியே திரிபுபடுத்தினால் அதற்கும் இங்கு மருந்தில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள், 80 டெசிபெல் என்பது வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் மூன்று டெசிபெல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகின்றது. சத்தம் குறையும்போது நம் காதுக்கு முதலில் குறைவது தாழ்ந்த ஒலி என்பதை பிளெச்சரும் மன்சனும் 1933லேயே எடுத்துக்காட்டினர். மத்தளமும் தபேலாவும் கேட்கவில்லையென்று பிள்ளைகள் வொல்யூமை முழுதாகத் திருகுவது இதனால்தான். வொல்யூமைத் தணித்துவிட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று, நான்கு டெசிபெல் கூட்டிக் கொடுங்கள். பாட்டும் நிறையும், காதும் மிஞ்சும்.

நான் பாவிப்பது திறந்த வகை ஹெட்போன். வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். சோளகம் வீசத் தொடங்கினால் பனையோலைகளின் இரைச்சலும் வேலித் தகரத்தின் அதிர்வும் தாழ்ந்த ஒலியை மூடிவிடுகின்றன. அந்த மாதங்களில் கீழ்ப்பகுதிக்கு இரண்டு டெசிபெல் அதிகமாக வைத்திருப்பேன். காற்று ஓய்ந்ததும் அதை எடுத்துவிடுவேன்.