உதைக்கு உயிர் கொடுத்த தூரிகைகள்

திரையில் சண்டை நடந்தால் கால் சுழல்வதைக் கண் நேராகவே பார்க்கிறது. காகிதத்தில் அப்படியல்ல. அங்கே எல்லாம் அசையாத படங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் அடி விழ வேண்டும். அதை வாசகனின் மனத்தில் விழச் செய்பவர் ஓவியர். அமெரிக்கச் சித்திரக் கதைகளின் குங்ஃபூ வீரர்களைப் புகழ்வோர் பலர் இதை மறந்து விடுகிறார்கள்.

1973-ம் ஆண்டு ஜூலையில் புரூஸ் லீ மறைந்தார். அடுத்த மாதமே அமெரிக்காவில் 'என்டர் தி டிராகன்' திரைக்கு வந்தது. குங்ஃபூ மோகம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில், ஸ்டீவ் எங்கில்ஹார்ட்டும் ஜிம் ஸ்டார்லினும் மார்வெல் நிறுவனத்துக்காக ஷாங்-சியைப் படைத்தார்கள். 1974-ல் ராய் தாமஸ், கில் கேன் இருவரும் 'அயர்ன் ஃபிஸ்ட்' வீரனைக் கொண்டு வந்தார்கள்.

அன்றைய ஷாங்-சிக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து கதிரும் பாயாது. உடலும் பயிற்சியுமே அவனது ஆயுதங்கள். அதனாலேயே ஓவியருக்கு வேலை அதிகம். எடை எந்தக் காலில் நிற்கிறது, தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் பிசகினால் சண்டையே பொய்யாகிவிடும். பால் குலாசி இந்தச் சவாலை ஏற்றார். புரூஸ் லீயின் சாயலை வீரனுக்குக் கொடுத்து, திரைப்படம் போல் ஒளியையும் நிழலையும் கையாண்டார். பின்னர் வந்த ஜீன் டே, ஒரே பின்னணியை இரு பக்கங்களிலும் விரித்து, அதைக் கட்டங்களாகப் பிரித்து, வீரனை அதனூடே நடமாட விட்டார். 1982-ல், 31 வயதில் அவர் காலமானார். மறு ஆண்டே 125-வது இதழுடன் தொடர் நின்றது.

குறைகளும் உண்டு, மறைப்பதில் பயனில்லை. சீனரை இழிவுபடுத்தும் ஃபூ மான்சூ என்ற பழைய நாவல் வில்லனை ஷாங்-சிக்குத் தந்தையாக்கினார்கள். ஆசியரின் தோலுக்கு இயற்கையில் இல்லாத நிறம் பூசினார்கள். 2021-ல் வந்த திரைப்படம் அந்த வில்லனை விலக்கியது. அது நியாயமே.

ஆனால் இன்னொரு நியாயம் பாக்கி இருக்கிறது. 1938-ல் சூப்பர்மேனின் உரிமை வெறும் 130 டாலருக்குக் கை மாறியது. அவனைப் படைத்த சீகல், ஷூஸ்டர் இருவருக்கும் ஓய்வூதியமும் இதழில் பெயரும் கிடைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. வீரன் நிறுவனத்தின் சொத்து, வரைந்தவர் கூலிக்காரர் என்பதே அந்தத் தொழிலின் வழக்கமாக இருந்தது.

தமிழ் வாசகர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1972-ல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியைத் தெரியாத சித்திரக் கதை ரசிகர் இல்லை. அவனை வரைந்த ஸ்பானியர் ஜீசஸ் பிளாஸ்கோவின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

வீரனுக்குக் கைதட்டுவது ரசனை. அவனை வரைந்த கையைத் தேடி அறிவது நன்றி. பிள்ளைகளுக்குச் சித்திரக் கதை வாங்கித் தரும் பெற்றோர், கதையோடு ஓவியரின் பெயரையும் படித்துக் காட்டட்டும். காசு செலவில்லாத மரியாதை அது.