உமி இருந்தால் ஓட்டம் இருக்கும்

இம்முறை விடைகூற எடுத்துக்கொண்டிருப்பது ஜொகூர் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். இரண்டு நண்பர்களோடு அடுக்குமாடி வீட்டில் வாசம். விடுமுறை நாளில் மூவரும் பார்லி வாங்கி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்களாம். போன தடவை பானைக் குழாய் அடைத்துக்கொண்டு சொட்டுகூட வரவில்லை. தம்பி பானையைச் சாய்த்துக் குலுக்கியிருக்கிறார். சுடுசாறு காலில் கொட்டி, ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. "வாத்தியாரையா, இது நம் பக்கத்துச் சம்சு மாதிரியானதா? நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான். கால் வேகாமல் செய்யவாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

குடிப்பழக்கம் நம் லயத்து வீடுகளில் என்ன செய்திருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. ஆகவே அந்தத் தாயின் அச்சம் நியாயமானதே. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை வேண்டும் அல்லவா?

முதல் கேள்விக்கு விடை: இல்லை அம்மா, இது சம்சு அல்ல. சம்சு என்பது புளித்ததைக் காய்ச்சி வடித்து எடுப்பது. கள்ளத்தனமாக விற்பவர்கள் அதில் மெத்தனால் என்னும் விஷச் சாராயத்தைக் கலந்துவிடுவதால்தான் ஆட்கள் சாகிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பலர் மாண்டது மெத்தனால் கலந்த மதுவால்தான். பீர் வடிப்பது அல்ல. பார்லியின் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பது. அதில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, உரிமம் இல்லாமல் காய்ச்சலாம். விற்கக்கூடாது, வடிக்கவும் கூடாது. மலேசியாவில் அப்படி இல்லை. உரிமமின்றி மது தயாரிப்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். ஆகவே தம்பி தீபாவளி விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது பானையை அங்கேயே வைத்துவிட்டு வரட்டும்!

இந்தப் பொழுதுபோக்கு பெரிதாக வளர்ந்தது மேல்நாடுகளில்தான். இங்கிலாந்தில் 1963-இல் வீட்டுப் பீருக்கான உரிமம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டு முதல் அனுமதித்தார்கள். அங்கேயும் புதிதாகக் காய்ச்சுகிறவர் ஒவ்வொருவரையும் ஒரு நாளாவது அழவைப்பது இந்த அடைப்புத்தான்.

சரி, பானைக்குள் என்ன நடக்கிறது? பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் அது மால்ட். நாம் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் குழந்தைக்கு மாவு திரிப்பதில்லையா, அதே வேலை. முளைக்கும்போது தானியத்துக்குள் என்சைம்கள் உண்டாகின்றன. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். மால்ட்டை ஒன்றிரண்டாக உடைத்து, ஏறக்குறைய 66 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் பாகுபோல் இனிக்கும். 20 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடியிலுள்ள குழாயைத் திறந்து சாற்றை இறக்கவேண்டும். மேலே வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, சக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிப்பையும் அலசி எடுக்கவேண்டும். தேங்காய்ப்பால் எடுக்கும்போது முதல் பால் பிழிந்தபின் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுக்கிறோமே, அதைப் போன்றது. இதைத்தான் அவர்கள் ஸ்பார்ஜ் என்கிறார்கள்.

பானைக்குள் அடியிலிருந்து சிறிது உயரத்தில் துளைகள் போட்ட தட்டு ஒன்று இருக்கும். வடிகட்டுவது அந்தத் தட்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அல்ல! தட்டு சக்கையைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. உண்மையில் வடிகட்டுவது பார்லியின் மேல்தோல், அதாவது அதன் உமி. உடைந்த தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நடுநடுவே சந்து விட்டு, ஒரு படுகையாக அமைகின்றன. அந்தச் சந்துகளின் வழியாகத்தான் சாறு இறங்குகிறது. சந்து மூடினால் ஓட்டம் நிற்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானே விளங்கும்.

சந்து மூடுவது ஏன்? மால்ட்டை மாவாக அரைத்துவிட்டால் மூடும். காப்பித் தூளை மிக நைசாக அரைத்தவர் வீட்டு வடிகட்டியைப் பாருங்கள், டிகாஷன் இறங்கவே இறங்காது. பார்லிமணி உடையவேண்டும், தோல் கிழியக்கூடாது. அரைவை உருளைகளின் இடைவெளி 1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். அரைப்பதற்குச் சற்று முன்பு மால்ட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறிவிட்டால் (5 கிலோவுக்கு 100 மில்லி போதும்) தோல் பதமாகி, முழுசு முழுசாக நிற்கும். அவல் இடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல.

குழாயை ஒரேயடியாகத் திறந்துவிட்டாலும் மூடும். கீழே சாறு வேகமாக ஓடும்போது அது சக்கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. படுகை இறுகுகிறது. இறுகியபின் சொட்டும் வராது. பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: உறைய ஆரம்பித்த பாலைச் சல்லடையில் கொட்டி, போகவில்லையே என்று மேலே மேலே ஊற்றினால் சல்லடை இன்னும் அடைக்குமே தவிர வழிவிடாது. அவசரக்காரனுக்குப் பார்லி பணியாது.

மூன்றாவது, சூடு குறைவது. இனிப்புச் சாறு ஆறினால் கெட்டிப்படும், இறங்கத் தாமதமாகும். நான்காவதுதான் தம்பியின் விஷயத்தில் முக்கியமானது. போன தடவை அவர்கள் செய்தது ஜெர்மானியக் கோதுமைப் பீராம். அந்த வகையில் பாதிக்குக் குறையாமல் கோதுமை சேரும். கோதுமைக்கு ஏது உமி? கதிரடிக்கும்போதே கழன்று போய்விடுகிறது. ஓட்ஸ், ரை போன்றவற்றில் பிசின் வேறு உண்டு. ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும். வடிகட்ட வேண்டிய உமி பாதியாகக் குறைந்து, அடைக்கக்கூடிய மாவு மட்டும் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? குழாயைக் குறைசொல்லிப் பயனில்லை.

இதற்கு மேல்நாட்டார் கண்ட மருந்து என்ன தெரியுமா? நம் நெல் உமி! வெள்ளைக்காரன் பை போட்டு விற்கிறான், காசு கொடுத்து வாங்குகிறார்கள். மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு, அதாவது 5 கிலோவுக்கு 250 முதல் 500 கிராம் உமியைக் கழுவி, நனைத்து, மால்ட்டோடு கலந்துவிடவேண்டும். உமிக்கு இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. பீரின் ருசியை மாற்றாது. ஊறினாலும் நைந்துபோகாமல் விறைப்பாக நின்று சந்து கொடுக்கும். காய்ந்த உமியைப் போட்டால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் நனைப்பது. தம்பி ஊருக்கு வந்துபோகும்போது நெல் ஆலையில் வாங்குவதானால் ஒன்று கவனிக்கவேண்டும்: உமி வேறு, தவிடு வேறு. தவிட்டைப் போட்டால் அடைப்பு இரட்டிப்பாகும். புடைத்து, தூசு போகப் பலமுறை கழுவி, வெந்நீரில் அலசியபின்தான் உபயோகிக்கலாம்.

இனி, அடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் குழாயை மூடுங்கள். பானையைச் சாய்க்காதீர்கள், குலுக்காதீர்கள், குழாயில் வாய் வைத்து ஊதாதீர்கள். சிலர் ரப்பர்க் குழாயை மாட்டி ஊதுகிறார்கள். அடைப்பு திடீரென்று விட்டுக்கொண்டால் சாறு முகத்தில் பீறிடும். 65 டிகிரிச் சாறு சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும், அதுவும் பாகாக இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு உறவினர் பிள்ளைகள் வந்துபோவதுண்டு என்று கடிதத்தில் இருக்கிறது. காய்ச்சுகிற அன்று சமையலறைக்குள் பிள்ளைகள் வரக்கூடாது. காலில் செருப்பல்ல, மூடிய சப்பாத்து. பானை உயரமான ஸ்டூலின் மேலல்ல, ஆடாத மேடையின் மேல்.

மூடியபின், தட்டுக்கு அடியிலிருந்து வெந்நீரை மெதுவாக மேல்நோக்கி ஏற்றுவதே நல்ல வழி. வெளிக்குழாயோடு ஒரு ரப்பர்க் குழாயை இறுக்கிக் கட்டி, மறுமுனையில் புனல் வைத்து, பானையைவிட உயரத்தில் பிடித்து, 75 டிகிரி வெந்நீரை ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றியபின் குழாயைத் திறந்தால், இறுகிய சக்கை கீழிருந்து மிதந்து எழும்பும். இதை ஒருவர் தனியாகச் செய்யவேண்டாம். ஒருவர் புனலைப் பிடிக்க, மற்றவர் குழாயைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு வசதியில்லையென்றால், நீண்ட கரண்டியால் சக்கையை நன்றாகக் கிளறி, வெந்நீர் சேர்த்து, 10 அல்லது 15 நிமிடம் அசையாமல் விடுங்கள். படுகை புதிதாக அமையும். முதலில் வரும் கலங்கலைச் சிறு பாத்திரத்தில் பிடித்து, தெளிவு வரும்வரை மேலேயே மெதுவாகத் திருப்பி ஊற்றவேண்டும். பிறகு குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து, சக்கையின்மேல் எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். லேசான அடைப்பென்றால் கிளறவும் வேண்டாம். கத்தியால் சக்கையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் போதும். தட்டுவரை கத்தியை இறக்கினால் மட்டும் சாறு அந்தக் கீறல் வழியே ஓடிவிடும், மற்ற இடம் அலசப்படாமல் நிற்கும்.

சூடேற்றுகிறேன் என்று கொதிநீரை ஊற்றக்கூடாது. சக்கை 77 டிகிரியைத் தாண்டினால் தோலிலுள்ள துவர்ப்பு இறங்கிவிடும். தேயிலையை நெடுநேரம் ஊறவிட்ட தேத்தண்ணி மாதிரி நாக்கை இழுக்கும்.

எதுவும் பலிக்கவில்லையா? துவைத்து அலசிய பெரிய துணிப்பையில் எல்லாவற்றையும் மொண்டு ஊற்றி வடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் கலங்கும், காசு வீணாகாது. மால்ட் எல்லாம் கப்பலில் வருகிற சரக்கு, சும்மா கொட்ட மனம் வருமா? இந்தத் தொல்லையே வேண்டாமென்று தொடக்கத்திலிருந்தே பைக்குள் ஊறவைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. சின்ன வீட்டுக்கு அதுதான் தோது என்பது என் எண்ணம். ஆனால் 5 கிலோ மால்ட் ஊறினால் இன்னும் 5 கிலோ தண்ணீரைச் சுமக்கும், ஞாபகம் இருக்கட்டும். புண் ஆறாத காலோடு அந்தப் பையைத் தூக்கவேண்டாம்.

மிஞ்சிய சக்கையைப் பற்றியும் அம்மா கேட்டிருக்கிறார். மாடு ஆசையாகத் தின்னும். புல்லோடு கலந்து, கொஞ்சமாக, அன்றே கொடுத்துவிடவேண்டும். நம் வெயிலுக்கு மறுநாளே புளித்துப் பூசணம் பிடித்துவிடும். புளித்ததை மாட்டுக்கோ ஆட்டுக்கோ வைக்கக்கூடாது. சிங்கப்பூர் அடுக்குமாடியில் மாட்டுக்கு எங்கே போவது என்றால், பூந்தொட்டி மண்ணில் மெல்லிசாகக் கலந்துவிடச் சொல்லுங்கள். தடிப்பாகப் போட்டால் நாற்றமெடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.