சிறை மீண்டோரும் நாமும்

சிறைக்குப் போகிறவனைப் பற்றி ஊர் பேசுகிறது. சிறையில் இருக்கிறவனைப் பற்றி வழக்கறிஞர் பேசுகிறார். சிறையிலிருந்து மீண்டு வந்தவனைப் பற்றிப் பேசுவார் யார்? அவனும் பேசான், அவன் வீட்டாரும் பேசார். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே சில சொற்கள் எழுத விரும்புகிறேன். படிப்பு, தேர்வு, விடுதிச் சாப்பாடு என்று எழுத எத்தனையோ இருக்க, மாணவர் இதழில் இது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். மைசூரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதைப் பற்றி எண்ணத் தனிக் காரணம் உண்டு. இந்நகரத்தின் அண்மைக்கால வரலாற்றிலேயே அக்காரணம் இருக்கிறது.

1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றங்கரையில் வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அதன்பின் இரு மாநிலக் காவல் படைகளும் மாதேசுவரன் மலைப் பகுதியைச் சல்லடை போட்டுச் சலித்தன. தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோருமாகிய மலையோரச் சிற்றூர் மக்கள் பலர் தடாச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டனர். மைசூர்ச் சிறையில் அடைபட்டனர். மைசூர்த் தனிநீதிமன்றத்திலே வழக்கு நடந்தது. 1995இல் தடாச் சட்டமே காலாவதியாகி ஒழிந்தது. சட்டம் செத்தது, வழக்குச் சாகவில்லை.

2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், இந்தத் தடாக் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பதையும் தன் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தான். அப்போது உள்ளே இருந்தவர் 51 பேர். கர்நாடக அரசு இணங்கியது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தடுக்கக் கோரி வழக்குத் தொடுத்தவர் அப்துல் கரீம் என்ற முதியவர். 1992இல் வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட காவல் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதின் தந்தை அவர். மகனைப் பறிகொடுத்தவர் நீதி கேட்டதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் எட்டாண்டுக்காலம் உள்ளே இருந்துவிட்டவர்கள்.

எட்டாண்டு என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தொட்டிலில் விட்டுச் சென்ற குழந்தை மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. நிலம் கைமாறியிருக்கும், அல்லது கரம்பாய்க் கிடக்கும். தாயோ தந்தையோ மண்ணுக்குள் போயிருக்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கிப் பேருந்துக்குக் காசு புரட்டிய மனைவி, கணவன் அறிந்த அந்தப் பெண்ணாக இன்று இருக்க மாட்டாள். வாசலில் வந்து நிற்கிறவனும் அவள் அறிந்த ஆணாக இருக்க மாட்டான்.

இங்கேதான் பலரும் தவறிப் போகிறோம். “வந்துவிட்டானல்லவா? இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும்” என்கிறோம். பழையபடி ஆகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற நம்பிக்கையே மீண்டு வந்தவர் வீட்டில் முதற்பகையாகப் புகுந்து விடுகிறது. பிரிந்திருந்த இருவர் புதிதாக அறிமுகமாகி, புதிதாக ஒரு வாழ்வைக் கட்ட வேண்டும். அதைக் கட்டவும் அவ்விருவர் கை மட்டும் போதாது. இதுவே நான் சொல்ல வந்தது.

புகழால் இதைத் தவிர்க்க முடியுமா? முடியாது. நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின், 1990 பிப்ரவரி 11 அன்று துணைவியார் வின்னியின் கைபற்றி வெளியே வந்தார். உலகமே கண்டு களித்தது. இரண்டே ஆண்டில் இருவரும் பிரிந்தனர். 1996இல் மணவிலக்குப் பெற்றனர். காரணங்கள் பல இருந்தன. அவற்றைத் துருவுவது நம் வேலை அன்று. ஒரு நாட்டையே ஒன்றுசேர்த்தவராலும் ஒரு குடும்பத்தின் அறுந்த இழைகளை முடிய இயலவில்லை என்பது மட்டும் நமக்குப் பாடமாகட்டும்.

என் குடும்பத்துச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். என் தாய்மாமன் வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டிக் காயப்படுத்தி, ஏழாண்டு சிறை இருந்து வந்தவர். அவர் குற்றம் செய்தவர்தாம். அதை நான் மறைக்கவில்லை. வந்த புதிதில், சாத்திய கதவைக் கண்டால் அப்படியே நிற்பார். தாழ்ப்பாள் போட்டிருக்காது, தள்ளினால் திறக்கும். யாரேனும் வந்து திறக்கும் வரை நிற்பார். மாலை ஐந்தரைக்கே பசி வந்துவிடும். சாப்பிட்ட தட்டையும் தம்ளரையும் தாமே கழுவித் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். எங்களைப் போன்ற சிறுபிள்ளைகள் சிரித்தோம். அத்தை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு சிரிப்பு நின்றது.

மாமா இல்லாத ஏழாண்டில் அத்தை இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றினார், சீட்டுப் பிடித்தார், கடன் அடைத்தார், மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினார். வந்த மூன்றாம் மாதம் மாமா, “யாரைக் கேட்டுக் கிடேரியை விற்றே?” என்று குரலை உயர்த்தினார். அத்தை அமைதியாகச் சொன்னார்: “ஏழு வருஷம் யாரைக் கேட்டு இந்தக் குடும்பத்தை நடத்தினேனோ, அவளைக் கேட்டுத்தான்.” அன்றிரவு வீட்டில் எவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் அத்தை பால் கணக்கு நோட்டை மாமாவிடம் கொடுத்தார். பணப்பையைக் கொடுக்கவில்லை. சங்கத்துக்குப் பால் கொண்டுபோவதும் கணக்கெழுதுவதும் அவர் வேலையாயிற்று. வரவு செலவு அத்தையின் கையிலேயே இருந்தது. மகள் ஓராண்டுக் காலம் அவரை “அவரு” என்றுதான் சொன்னாள். “அப்பா என்று கூப்பிடு” என்று அவளை எவரும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் அவளாகவே கூப்பிட்டாள்.

இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் சில உண்மைகள் தெளிவாகத் தெரிகின்றன. வந்தவர்க்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். வெறும் பாய் விரிக்கும் இடம் போதாது, தாம் இல்லாவிடில் நடக்காத ஒரு வேலை வேண்டும். அந்த இடத்தைத் தருவதற்காக, அவர் இல்லாக் காலத்தில் மனைவி தேடிக்கொண்ட உரிமையைப் பறித்தல் ஆகாது. “உள்ளே என்ன நடந்தது?” என்று தோண்டித் துருவக் கூடாது, அவராகச் சொல்ல முன்வந்தால் காது கொடுக்க வேண்டும். குழந்தைகளின் அன்பைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. காத்திருந்துதான் பெற வேண்டும்.

“குற்றமற்றவர்க்கு இரங்குகிறோம், குற்றவாளிக்கு ஏன் இத்தனை பரிவு?” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. நீதிமன்றம் ஏழாண்டு என்று எழுதியது; எட்டாம் ஆண்டை ஊரார் எழுத உரிமை இல்லை என்பதே என் விடை. தண்டனைக்கு ஓர் அளவு உண்டு என்பதால்தான் அதற்கு நீதி என்று பெயர். வாடகைக்கு வீடு கிடையாது, கூலிக்கு வேலை கிடையாது, பெண்ணுக்கு வரன் கிடையாது என்று நாம் விதிக்கும் தண்டனைக்கோ முடிவே இல்லை. அது குற்றம் செய்தவனோடு நிற்பதுமில்லை. குற்றம் ஏதும் செய்யாத மனைவி மக்கள் தலையிலும் விழுகிறது.

இந்த நகரத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. ரங்காயணக் கலைஞர் ஹுலுகப்பா கட்டிமனி மைசூர்ச் சிறைவாசிகளுக்கு நாடகம் பயிற்றி அவர்களை மேடை ஏற்றினார். பார்த்தவர்கள் கைதட்டிப் பாராட்டினார்கள். நல்லது. மேடையில் நடித்த அதே மனிதர் விடுதலையாகி வந்து, “உங்கள் வீட்டு மாடியறை காலியாக இருக்கிறதாமே?” என்று கேட்டால், கைதட்டிய கைகளுள் எத்தனை கைகள் கதவைத் திறக்கும்?

அரசின் பங்கைப் பார்ப்போம். வீரப்பன் வேட்டையின்போது நடந்த கொடுமைகளை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை 1999இல் அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் கூறியது. சராசரி பார்த்தால் தலைக்கு மூன்று இலட்சத்துச் சொச்சம். காலம் கழித்து வந்ததாயினும், துன்பம் நடந்தது என்பதை ஒப்புக்கொண்ட அளவில் அதை வரவேற்கலாம். ஆனால் பிழையாக வழக்கிட்டுச் சிறைவைக்கப்பட்டவர் இழப்பீட்டை உரிமையாகக் கேட்டுப் பெறத் தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் அத்தகைய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ, தக்க காரணமின்றி ஒருவரைக் கைது செய்வித்தவர் கைதானவர்க்குத் தர வேண்டிய இழப்பீட்டின் உச்ச அளவு ஆயிரம் ரூபாய்! பீகாரில் ருதுல் சா என்பவர் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 1983இல் அவருக்கு அளித்தது மொத்தம் 35,000 ரூபாய். பதினான்கு ஆண்டுக்கு இதுவா விலை?

சட்டம் வரட்டும், அதற்காகக் குரல் கொடுப்போம். அதுவரை கைகட்டி இருக்க வேண்டுமா? மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியவை உள்ளன என்று நம்புகிறேன்.

நமக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், ஆங்கிலமும் ஓரளவு தெரியும். எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் வழக்கின் தாள்களையே படிக்கத் தெரியாது. தாள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது கன்னடத்தில் இருக்கும். தீர்ப்பின் சான்று நகல் வாங்குவது, ரேஷன் கார்டில் விடுபட்ட பெயரைச் சேர்ப்பது, வாக்காளர் பட்டியலில் பதிவது, ஆதார் எடுப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு வரிசை, ஒரு “நாளைக்கு வா” உண்டு. பல ஆண்டுகள் வரிசையில் நின்றே பழகிய மனிதர், இங்கும் வாய் திறக்காமல் நிற்பார். பக்கத்தில் ஒரு மாணவர் நின்றால் அவர் குரல் சற்று ஓங்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையச் சட்டப்படி பெண்களும் காவலில் உள்ளவர்களும் இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள் என்பதை எத்தனை வீட்டார் அறிவர்? சட்டம் பயிலும் நண்பர்கள் சொன்னால் அறிவர்.

நம் சங்கம் இவ்வாண்டு மூன்று செயல்களைத் தொடங்கலாம். முதலாவது, மாதம் ஒரு ஞாயிறு, சட்ட மாணவர் இருவரும் கன்னடம் நன்கறிந்த இருவரும் சேர்ந்து, தாள்கள் படித்துச் சொல்லவும் படிவங்கள் நிரப்பவும் ஓர் உதவி மேசை வைப்பது. இரண்டாவது, 2004இல் வெளிவந்த பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலை நம் படிப்பு வட்டத்தில் எடுத்துக்கொண்டு, அந்த மலைமக்கள் பட்டதை அறிவது. மூன்றாவதற்குக் காசு பணம் தேவையில்லை. ஆனால் கடினமானது அதுதான். நம்மிடையே சிறை மீண்டவரின் மகனோ மகளோ படிக்கக் கூடும். “உன் அப்பா என்ன செய்கிறார்?” என்ற நம் கேள்விக்கு அவர் தயங்கும்போது, அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருப்போம், சொல்லத் துணிந்தால், அதன்பின்னும் நேற்றுப் போலவே பக்கத்தில் உட்கார்ந்து உண்போம்.

உதவி மேசைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் இவ்வாரமே கொடுக்கலாம். முதற்பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.