பாரம் ஏற்றினால் திணறும் பழைய லோடு வண்டி: எஞ்சினைப் பிரிக்கும் முன்...

கேள்வி: எங்களிடம் பழைய டீசல் மூன்று சக்கர லோடு வண்டி இருக்கிறது. சும்மா நிற்கையில் நன்றாக ஓடுகிறது. மல்லாட்டை மூட்டை ஏற்றி, கொல்லையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அமுங்கி, திணறி நின்றுவிடுகிறது. எஞ்சினைப் பிரித்து போர் அடிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நகையை அடகு வைத்துச் செய்யலாமா?
- ஒரு வாசகி, விருத்தாசலம் வட்டம்.

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. நான் மெக்கானிக் அல்ல. ஆனால் கிணற்று மேட்டில் ஓடும் டீசல் எஞ்சினுக்கும் உங்கள் வண்டி எஞ்சினுக்கும் அடிப்படை ஒன்றுதான். காற்று, டீசல், அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தால் இழுக்கும். முதல் இரண்டையும் செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில், திணறும்போது வரும் புகையைக் கவனியுங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். புகையே இல்லாமல் அமுங்கினால் டீசல் போய்ச் சேரவில்லை. வெண்புகை நின்றபாடில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, தண்ணீர் கலந்திருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது.

கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைத் திறங்கள். செராமிக் தொழிற்பேட்டை உள்ள நம் ஊர்ப் பக்கம் களிமண் தூளும் மண்பாதைப் புழுதியும் மாவு போல நைசானவை. ஆயில் ஊற்றும் வகை என்றால் பழைய ஆயிலையும் அடியில் தங்கிய சேற்றையும் கொட்டி, வலையை டீசலில் அலசிக் காயவிட்டு, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் விடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது. உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடியுங்கள், கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். அந்தத் தூள் உள்ளே போனால் போரை அரம் போல அராவிவிடும்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்புகிறதா? டேங்க் மூடியிலுள்ள சிறு துளை அடைத்திருக்கும். நின்றவுடன் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் காரணம். ஊசியால் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

அடுத்து டீசல் ஃபில்டர். அடியில் தண்ணீர், கசடு இருந்தால் வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றிய பின் ஏர் எடுக்க வேண்டும்: ஏர் எடுக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். நாசில் பீய்ச்சும் டீசல் முன் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கும்போது பம்பு லிவர் கடைசி வரை நகர்கிறதா என்றும் பாருங்கள்; கேபிள் தளர்ந்தாலும் இழுவை இருக்காது. பிறகு சமதரையில் வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தாலோ, ஓட்டிய பின் ஒரு சக்கர டிரம் மட்டும் கொதித்தாலோ, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் கரி அடைத்திருந்தாலும் எஞ்சின் மூச்சுத் திணறும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: திணறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். இழுவை கூடினால் கார்புரேட்டர் ஜெட் அடைப்பு. இன்னும் மோசமானால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் நாசிலையும் பம்பையும் டீசல் பம்பு கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம், நீலப்புகை, அடிக்கடி ஆயில் குறைவது ஆகியவை சேர்ந்து இருந்தால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் பார்த்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள்.

அதுவரை பாதி மூட்டையாக இரண்டு நடை அடியுங்கள். வண்டி நின்றுவிட்டது என்று ஈர மல்லாட்டையைக் குவித்து வைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். களத்தில் பரப்பி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை காயவிடுங்கள். வண்டி இரண்டு நாள் தாமதமானாலும் காய்ந்த மல்லாட்டை காத்திருக்கும். நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும்.